பல்லம்மா கட்டிய மலை

பல்லம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பாத்திரம் உருளாது. கையில் இருக்கும் மெழுகுக் கத்தியைத் துணியால் துடைக்கத் தொடங்குவாள். கத்தி ஏற்கெனவே பளபளவென்று இருந்தாலும் துடைப்பாள். அந்தத் துடைப்பைக் கண்டுவிட்டால், பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு அவரவர் மேசைமேல் குனிந்துவிடுவார்கள். இத்தனை ஆண்டுக் குடித்தனத்துக்குப் பிறகும் அந்த அறிகுறி பிடிபடாத ஒரே மனிதர் அவளுடைய கணவர்.

பல்லம்மா என்பது தெரு வைத்த பெயர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அந்தக் கூடத்தில் சேர்ந்தவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டரை வார்ப்பாள். அது இறுகியதும் யாரோ ஒருவருடைய தாடை அப்படியே கையில் வந்து நிற்கும். அதன்மேல் மெழுகால் ஈறு வைத்து, பல் வரிசையை அடுக்கி, கடிமானம் பார்த்து, பல்செட்டாக்கி அனுப்புவாள். ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால் மென்றார்கள், சிரித்தார்கள், சண்டையும் போட்டார்கள். புதுப் பல்லைக் கண்ணாடியில் பார்த்துக் கண்கலங்கியவர்கள் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நன்றி சொன்னார்கள். பல்லைச் செய்தவள் என்று ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதற்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை.

“கூலி வாங்கிட்டேன், முடிஞ்சுது. அப்புறம் பேரு வேற எதுக்கு?” என்பாள்.

கூலியும் இல்லாமல், பெயரும் இல்லாமல் ஒரு வேலை உண்டு என்பதை அவள் தன் வீட்டில்தான் கற்றுக்கொண்டாள்.

கணவர் மரச்சாமான் கடை ஒன்றில் விற்பனை மேற்பார்வையாளர். நாவில் சர்க்கரை தடவிப் பிறந்தவர். ஒரு கால் ஆடும் நாற்காலியைக்கூட, “உட்கார்ந்தா லேசா ஆடும் சார், முதுகுக்கு அவ்வளவு நல்லது” என்று விற்றுவிடுவார். மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபின் அவனுடைய அறை வெறுமையாகக் கிடந்தது. ஒருநாள் கணவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே ஓர் இன்ஜின், சில பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள், மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. தரையில் வட்டமாகப் பூட்டி ஓட்டினார். சிறுவயது ஆசையாம். ரயில் ஓடியது. ஓடிய இடத்துக்கே மீண்டும் வந்தது. மறுபடியும் ஓடியது.

பல்லம்மா கதவருகே நின்று பார்த்தாள்.

“இது ஏன் செக்குமாடு மாதிரி சுத்துது?”

“ரயில்னா ஓடும். வேற என்ன செய்யும்?”

“எங்கிருந்து எங்க போகுது?”

அவர் திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்டினார். சில நாளில் குனிந்து நிமிர்ந்து இடுப்புப் பிடித்துக்கொண்டதும் ரயிலையே மறந்தார். ஆனால் தான் கேட்ட கேள்வி பல்லம்மாவை விடவில்லை. அந்த ரயில் எங்காவது போயாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

நியாயத்தை நியாயமாகவே சொல்லிவிட வேண்டும். ரயிலைத் தரையிலிருந்து ஏற்றிவைக்கப் பலகை கொண்டுவந்தவர் கணவர். கடைத் தச்சரைக்கொண்டு, இரண்டு பாதிகளாகப் பிரித்து மரையாணியால் பூட்டும்படி இடுப்புயர மேசை ஒன்றையும் செய்துகொடுத்தார். இன்ஜினும் பெட்டிகளும் அவர் வாங்கியவை. அத்தோடு அவர் பங்கு முடிந்தது. மேசைக்கு மேலே பின்பு எழுந்த உலகம் முழுவதும் பல்லம்மாவின் கைகளிலிருந்து வந்தது.

கூடத்தில் சரியாக வராத தாடை அச்சுகளைக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். அவற்றை எடுத்துக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டாள்.

“குப்பைய அள்ளிட்டுப் போறதுக்கு அனுமதி வேறயா? புண்ணியமாப் போகும், எடுத்துக்கோ” என்றார் அவர்.

கூடை கூடையாகத் தாடைகள் வீட்டுக்கு வந்தன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே பழைய செய்தித்தாளைத் திணித்து, மேலே பிளாஸ்டரைப் பூசினாள். அது இறுகத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில், பல்லின் பள்ளங்களைச் செதுக்கிப் பழகிய கை, பாறையின் வெடிப்புகளைச் செதுக்கியது. இப்படித்தான் மலை வளர்ந்தது. கம்பியை முறுக்கி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து ஒட்டி மரங்கள் செய்தாள். மணலைச் சல்லடையில் சலித்துத் தண்டவாளத்தின் இடையே சரளையாகப் பரப்பினாள். வெள்ளைப் பசையில் தண்ணீரும் ஒரு துளி சோப்பும் கலந்து, மருந்து விடும் குழலால் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். சோப்பு இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே உருண்டு நிற்கும். அதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு பாதையையே சுரண்டி எடுத்து மறுபடியும் போட வேண்டியதாயிற்று.

மலைக்குள் போகும் சுரங்கம் வளைவில் அமைந்தது. வளைவில் போகும்போது பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும், மூலைகள் வெளிப்பக்கமும் பிதுங்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே இடிக்கின்றன என்று நீலத்தாளைக் கடிக்கவைத்துப் பார்ப்பது அவளுடைய தொழில்; இங்கே நீளமான பெட்டியின் இரு பக்கமும் பென்சிலைக் கட்டி, வளைவு முழுவதும் மெல்லத் தள்ளிக் கோடு போட்டுக்கொண்டாள். அந்தக் கோட்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளித்தான் சுரங்கச் சுவர் எழுந்தது. ஒரு மயிரிழைகூட எங்கும் உரசவில்லை.

மலை எழுந்து, ஆற்றுக்கு மேலே பாலம் வந்து, நிலையம் வந்து, நிலைய விளக்கு எரிந்த பிறகுதான் கணவருக்கு இடுப்புவலி நீங்கியது. தினமும் மாலையில் ரயிலை ஓட்டினார். நண்பர்களை அழைத்துவந்து காட்டினார்.

நாத்தனார் ஒருநாள் வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“அண்ணா! என்னமா செஞ்சிருக்க! நெஜ மலை மாதிரியே இருக்கு!”

“எல்லாம் பொறுமைதான்” என்றார் அண்ணன்.

“சின்ன வயசுலயே இவருக்குக் கை அப்படி, அண்ணி. தீப்பெட்டில வீடு கட்டுவாரு. பாவம், உங்களுக்குத்தான் இதெல்லாம் தூசி தட்டியே பொழுது போயிடும்.”

பல்லம்மா மெழுகுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் போனதும் கேட்டாள்: “ஏன் சொல்லல?”

“என்ன சொல்லல?”

“மலைய நான் கட்டினேன்னு.”

“நான் கட்டினேன்னு சொன்னேனா? அவளா நெனச்சுக்கிட்டா.”

“நீங்க கட்டலன்னு சொன்னீங்களா?”

“இதுல என்ன இருக்கு? ஒரே வீடு. உன்னுது என்னுதுன்னு பிரிச்சா பேசறது?”

“சரி. நாளைக்கு நான் உங்க கடைக்கு வந்து உங்க நாற்காலில உட்கார்ந்துக்கறேன். யாராவது கேட்டா, ஒரே வீடுன்னு சொல்லிக்கறேன்.”

“உனக்கு வாய் ஜாஸ்தி” என்று சொல்லி, அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அது முதல் யார் வந்தாலும் அதே கூத்துத்தான். “சார், அபாரம்!” என்பார்கள். அவர் பொய் சொல்லமாட்டார், உண்மையையும் சொல்லமாட்டார், தலையைக் கொஞ்சம் சாய்த்துப் புன்னகை செய்வார். வாய் திறந்து பொய் சொல்லியிருந்தால்கூடப் பல்லம்மா மறுத்துப் பேசியிருப்பாள். அந்தப் புன்னகையை எப்படி மறுப்பது? தேநீர்க் கோப்பைகளைக் கழுவும்போது அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றி எரியும்.

இந்த நிலையில்தான் ரயில் சங்கத்துச் செயலாளர் வந்து சேர்ந்தார். வீட்டில் ரயில் பாதை அமைப்பவர்கள் கூடி நடத்தும் சங்கம் அது. ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி வைப்பார்கள். அலமாரி வாங்கக் கடைக்கு வந்தவரிடம் கணவர் பேச்சுக்கொடுத்திருக்கிறார். ஒரு விடுமுறை நாளில் நேரில் வந்து பார்த்து, பிடித்திருந்தால் கண்காட்சியில் இடம் தருவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு மேசைக்கும் முன்னால் பலகை வைத்து, கட்டியவர் பெயரைப் பெரிதாக எழுதுவார்களாம்.

“பெரிய எழுத்துல, தூரத்துலேர்ந்தே தெரியுமாம்” என்று கணவர் மூன்று முறை சொன்னார். யார் பெயர் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இந்த முறையாவது அவராகச் சொல்கிறாரா பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

செயலாளர் வரும் நாளில் கூடத்தில் அவசர வேலை ஒன்றிருந்தது. பல்லம்மா காலையில் போய்விட்டு மதியத்துக்குமேல் திரும்பினாள். வாசலில் புதிய செருப்புகள் கிடந்தன. விருந்தாளி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நாத்தனாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். அறையில் பேச்சுக்குரல் கேட்டது. பல்லம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே போனாள்.

முதலில் கண்ணில் பட்டது மேசைமேல் கிடந்த சுத்தியல். அதன் அருகே பிளாஸ்டர்ச் சில்லுகள். பிறகுதான் மலையைப் பார்த்தாள். சுரங்கத்தின் முகப்பைக் காணோம். ஒவ்வொரு கல்லாகக் கோடு கீறி, வளைத்து, புகைக்கறுப்புப் பூசி அவள் செய்த முகப்பு பெயர்ந்து விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியே, மலைக்குள் அடுக்கியிருந்த ஒரு கீழ்த்தாடை, பல் வரிசையோடு எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் புத்தம்புதிய, நீளமான ஓர் இன்ஜின் நின்றது.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

“சார், இது என்ன… பல்லா?”

கணவர் தொண்டையைக் கனைத்தார். “அது வந்து, ஒரு கற்பனை. மலைக்குள்ள ஆதிகாலத்து மிருகத்தோட எலும்பு இருக்குமில்ல? அந்த மாதிரி.”

“எங்க அண்ணன் எதையும் காரணமில்லாம செய்யமாட்டாரு” என்றாள் நாத்தனார்.

செயலாளர் இன்னும் குனிந்தார். “ஓ! ஆனா அடியில பென்சில்ல ஏதோ நம்பர் எழுதியிருக்கே. ஆதிகாலத்து மிருகம் டோக்கன் வாங்கிட்டா வந்துச்சு?”

“அது ஒரு லாரி டிரைவரோட தாடை” என்றாள் பல்லம்மா, அறைக் கதவருகே நின்றபடி.

மூவரும் திரும்பினார்கள்.

“அச்சு சரியா வரல, தூக்கிப் போட்டாங்க. நான் எடுத்துட்டு வந்தேன். அந்த மலை முழுக்க அப்படித்தான், உள்ள தாடை. மேல பூசினது நான். செதுக்கினது நான். பாலம், ஸ்டேஷன், மரம், சரளை, எல்லாம் நான். இப்போ சொல்லுங்க, என் மலைய யாரு உடைச்சது?”

குரல் உயரவில்லை. ஆனால் கணவர் முதன்முறையாக எதையோ புரிந்துகொண்டவர்போல ஓர் அடி பின்வாங்கினார்.

“புது இன்ஜின் வாங்கினேன். சார் வர்றாரேன்னு… சுரங்கத்துல இடிச்சுது. கொஞ்சம் தட்டினா சரியாயிடும்னு…”

“எந்த வண்டிக்கு அளவெடுத்தேனோ அந்த வண்டிதான் போகும். இடிச்சா என்னைக் கேட்கணும்.”

“நீ வீட்ல இல்லையே.”

“நான் வர்ற வரைக்கும் இன்ஜினுக்கு என்ன, பசியா?”

செயலாளர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மேசையைச் சுற்றி வந்து, பாலத்தடியையும் சரளையையும் பார்த்துவிட்டு, “கண்காட்சிக்கு இது கட்டாயம் வரணும். பலகைல யார் பேரைப் போடறது?” என்று கேட்டார்.

கணவர் முந்திக்கொண்டார். விற்பனையில் சிக்கல் வந்தால் இரு தரப்புக்கும் நோகாமல் பேசும் பழக்கம் கைகொடுத்தது. “என் பேரைப் போட்டு, கீழயே ‘மனைவியின் உதவியுடன்’னு சின்னதாப் போட்டுடுங்க. அவளுக்கும் திருப்தியா இருக்கும்.”

எரிகிற நெருப்பில் எண்ணெயை வார்த்ததுபோல் ஆயிற்று. பல்லம்மா பையைக் கீழே வைத்தாள். நிலையத்தில் நின்ற இன்ஜினையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தண்டவாளத்திலிருந்து தூக்கினாள். எந்தப் பெட்டி எந்தக் குழியில் உட்கார வேண்டுமோ அதில் வைத்து அட்டைப்பெட்டியை மூடினாள். புது இன்ஜினையும் மேலே வைத்தாள். மொத்தத்தையும் கொண்டுபோய்க் கணவரின் கையில் கொடுத்தாள்.

“இது உங்களுது. நீங்க வாங்கினது. இதுல ஒரு சக்கரத்துக்குக்கூட நான் பங்கு கேட்கல. மிச்சம் இருக்கறது என்னுது. உதவியாம் உதவி! யாருக்கு யாரு உதவி?”

“மேசை அண்ணன் கொண்டு வந்ததாச்சே, அண்ணி?” என்றாள் நாத்தனார், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

“அப்படியா? அடியிலேர்ந்து உருவிக்கச் சொல்லு.”

செயலாளர் தன் பேனாவைத் திறந்தார். “கட்டினவங்க பேரைத்தான் போடுவோம், அது எங்க வழக்கம். உங்க பேரைச் சொல்லுங்கம்மா.”

அவள் சொன்னாள். அந்த அறையில் அவளுடைய முழுப்பெயர் ஒலித்தது அதுவே முதல் தடவை.

கணவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். “அப்போ என் ரயில் வராது. சொல்லிட்டேன்.”

“வரவேண்டாம்.”

கண்காட்சி வரைக்கும் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சோறு மேசைக்கு வந்தது, சொல் வரவில்லை. பல்லம்மா சுரங்க முகப்பை மீண்டும் கட்டினாள். பல்லை அப்படியே வெளியே தெரிய விட்டால் கூட்டம் அலைமோதும் என்று செயலாளர் தொலைபேசியில் ஆசை காட்டினார். “மலை மலையா இருக்கணும்” என்று சொல்லித் தாடையை உள்ளே தள்ளிப் பூசினாள். மேசையைப் பாதி பாதியாகக் கழற்றி, கூடத்தில் உடன் வேலை பார்ப்பவர்களின் துணையோடு வண்டியில் ஏற்றினாள். கணவர் அப்போது வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய தொட்டிக்கே மறுபடியும் ஊற்றினார்.

கண்காட்சிக் கூடத்தில் அவளுடைய பெயர் தூரத்திலிருந்தே தெரிந்தது. வலப்பக்க மேசையில் ரயில் ஓடியது. இடப்பக்க மேசையில் இரண்டு ரயில்கள் ஓடின. நடுவே மலையும் பாலமும் நிலையமும் ரயிலின்றி நின்றன.

“ரயில் எப்போ வரும்மா?” என்று ஒருவர் கேட்டார்.

“வராது.”

“ஏன்?”

“ரயில்காரருக்குக் கோவம்.”

அவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். எல்லோரும் அப்படித்தான் நகர்ந்தார்கள். பெயர்ப் பலகையைப் படித்தவர்கள்கூட ஓடும் ரயில் இருந்த இடத்தில்தான் நின்றார்கள். பல்லம்மாவுக்கு இப்போது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சக்கரம் படாத தண்டவாளம் அவளுடைய கண்ணுக்கே அரைகுறையாகத் தெரிந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, கிடைத்ததைக் கொண்டாட முடியவில்லை. அந்த மனிதர் அதையும் கெடுத்துவிட்டார் என்று நினைத்தபோது கோபம் இரட்டித்தது.

மதியத்துக்குப் பின் செயலாளர் தம்முடைய ரயில் ஒன்றைக் கொண்டுவந்தார். “அளவு பார்த்துக்கங்கம்மா. சரியா இருந்தா ஓட்டுங்க.” பல்லம்மா இருபுறமும் பென்சிலைக் கட்டித் தள்ளிப் பார்த்தாள். உரசவில்லை. ரயில் நிலையத்தைவிட்டுப் புறப்பட்டு, பாலத்தைக் கடந்து, மலைக்குள் நுழைந்து மறைந்து, மறுபக்கம் வந்தது. அந்த மறையும் இடத்துக்காகவே மக்கள் நின்றார்கள். கூட்டம் சேர்ந்தது.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் கணவர். கையில் அட்டைப்பெட்டி. தம் வீட்டுப் பாதையில் வேறொருவர் ரயில் ஓடுவதைக் கண்டதும் அவர் முகம் கடுகடுத்தது.

“இது யாரு வண்டி?”

“செயலாளரோடது.”

“ஊரான் வண்டியெல்லாம் இங்க ஏன் ஓடுது?”

“வீட்டுக்காரர் வண்டி வராதுன்னு சொன்னாங்களே.”

அவர் பெட்டியைத் திறந்து புது இன்ஜினை நீட்டினார். “இந்தா. இதை ஓட்டு.”

“இது இடிக்கும். மலைய மறுபடியும் உடைக்கமாட்டேன். பழசு இருக்கா?”

“இருக்கு” என்றார், பெட்டியின் அடியிலிருந்து எடுத்தபடி.

அவள் செயலாளரின் ரயிலை நிறுத்தி, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தாள். திருகை அவரிடம் கொடுத்தாள். அவர் ஓட்டினார். பாலத்தின் மேல் வேகத்தைக் குறைத்தார், நன்றாகத்தான் ஓட்டினார். அதை ஒப்புக்கொள்ளவும் அவளுக்குக் கசந்தது.

குடும்பத்தோடு வந்த ஒருவர் திருகைப் பிடித்திருந்த கணவரிடம் கேட்டார்: “சார், பிரமாதம்! மலையெல்லாம் எப்படி சார் கட்டினீங்க?”

கணவரின் தலை பழக்கத்தால் ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. பல்லம்மா பார்த்தாள். அந்தப் புன்னகை உதட்டுக்கு வந்தால், இந்த மேசையோடு இந்தக் குடித்தனமும் இரண்டாகப் பிரியும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

“என்னை ஏன் சார் கேட்கறீங்க?” என்று கணவர் சீறினார். “பலகைல பேரு எழுதியிருக்கில்ல? அவங்கதான் கட்டினாங்க. முழுக்க அவங்கதான். நான் வெறும் டிரைவர். அவங்களையே கேளுங்க!”

கேட்டவர் பயந்துபோனார். பல்லம்மா அவருக்குப் பிளாஸ்டர் எவ்வளவு நேரத்தில் இறுகும், எப்போது கத்தி வைக்க வேண்டும் என்று விளக்கினாள். சொல்லும்போது கணவரின் பக்கம் திரும்பவே இல்லை. எப்போதோ சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம்தான் அது. அதை வரவழைக்க ஒரு மலையையே உடைக்க வேண்டியிருந்ததே என்று அவளுக்கு இன்னும் ஆத்திரமாகத்தான் இருந்தது.

கண்காட்சி முடிந்ததும் கணவர் மேசைக்கு அடியில் புகுந்து மரையாணிகளைக் கழற்றினார். மேசை இரண்டாயிற்று.

“மலைப் பக்கத்தை நான் புடிக்கறேன்” என்றார், தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து.

“வேண்டாம். என் மலை. நான் புடிக்கறேன்.”

“கனம்டி!”

“கட்டினப்பவே தெரியும். நீங்க அந்தப் பக்கம் போங்க. பின்னால நடந்து போகணும், பார்த்து.”

“எனக்குத் தெரியும்.”

“இடது பக்கம் கதவு. இடதுன்னேன்!”

“கத்தாத! எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். முனைய இடிச்சீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு.”

வண்டி நின்ற இடம்வரை இருவரும் மாறி மாறி ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே நடந்தார்கள். மலையில் ஒரு சில்லும் பெயரவில்லை.